பெரகல சந்தியில் நிரோஷாவின் முகம்

ஒக்டோபர் 5, சனி

காலையிலிருந்தே மந்தாரம். பதுளையில் தூறல், மேலே தேயிலைத் தோட்டத்தில் கொட்டு மழை. குடையை அச்சகத்தில் மறந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை.

தோட்டத்துக் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் நான் எடுக்கும் இங்கிலீஷ் வகுப்பு இன்று நடக்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு அடுத்த மாதம் உட்காரும் பிள்ளைகள் மழையில் நனைந்து வந்தால், அவர்களுக்குக் கிடைத்தது "மனம் திறக்கும் பயிற்சி". வகுப்பை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் (இனி ஒ., முழுதாக எழுதக் கை வரவில்லை) பெரிய தாள்களும் கலர் பேனாக்களும் கொண்டுவந்திருந்தார். வாழ்க்கையை ஒரு ஆறாக வரைய வேண்டுமாம். எங்கே வற்றியது, எங்கே பெருகியது.

தொடங்கும் முன் ஒரு விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார். இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது. சொன்னேன். யாரும் வாயைத் திறக்காததால் மறுபடியும் சொன்னேன், "என்ன நம்புங்க" என்று.

நம்பினாள் நிரோஷா. வகுப்பிலேயே இங்கிலீஷ் நன்றாக வருவது அவளுக்குத்தான். ஆற்றைக் கொஞ்ச தூரம் நீலமாக வரைந்தாள், மீதித் தாள் முழுவதும் மண்நிறம். மண்சரிவில் அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது.

"வீட்டுல அம்மா பேர எடுக்க மாட்டோம் மிஸ். எடுத்தா அப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. மழையா இருந்தாலும் போயிருவாரு."

ஒ. எழுதிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, ரிப்போர்ட்டுக்கு."

வாங்க: சவர்க்காரம், அம்மாவின் முழங்கால் தைலம், இன்னொரு குடை.

ஒக்டோபர் 8, செவ்வாய்

அச்சகம். கல்யாண அட்டை ஒன்று, மரண பேனர் இரண்டு, கராஜ் போர்டு ஒன்று. பதினொரு மணி போல நிறுவனத்திலிருந்து ஒரு ஓடர். திறந்தேன்.

நிரோஷா. பேனர் முழுக்க அவள் முகம். கலரை எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கியிருக்கிறார்கள், சோகம் தெரியட்டும் என்று. பக்கத்தில் நிறுவனத்தின் சின்னமான எரியும் விளக்கு. கீழே இங்கிலீஷில், மண் இவள் தாயை எடுத்துக்கொண்டது, இவளுக்கு ஓர் எதிர்காலம் கொடுங்கள் என்ற அர்த்தத்தில் இரண்டு வரி. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள். அவர்களின் வான் வண்டி திரும்பவேண்டிய இடம் தெரிய, பெரகல சந்தியில் கட்டவேண்டுமாம்.

ஒ.வுக்குப் போன் எடுத்தேன்.

"சேர், அந்த ரூமுக்குள்ள பேசுனது வெளிய போகாதுன்னு என் வாயால சொன்னேன்."

"நல்லதுக்குத்தானே மிஸ். புள்ளகிட்ட கேட்டேன், வெள்ளிக்கெழம அவங்க முன்னால பேசுறேன்னு சொல்லிருச்சு."

"சரி, அத விடுங்க. கறுப்பு வெள்ளையில முகம், பக்கத்துல விளக்கு. நாங்க இங்க செத்தவங்களுக்கு இப்பிடித்தான் அடிக்கிறோம். சந்தியில பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

சிரித்தார். "அதான் இங்கிலீஷ்ல தெளிவா போட்டிருக்கோமே. படிச்ச நீங்களே இப்பிடிப் பேசலாமா?"

பெரகலவில் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எல்லாம் இங்கிலீஷ் வாசித்துக்கொண்டுதான் நிற்கிறது!

அடிக்கமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "நீங்க அடிக்காட்டி நான் அடிக்கிறேன் தங்கச்சி. வந்த ஓடர திருப்பி அனுப்ப ஏலுமா?" அவரே அடித்தார். மெஷினிலிருந்து அவள் முகம் நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

ஒக்டோபர் 9, புதன்

பள்ளிக்கூடம் விட்டபின் நிரோஷாவுக்குப் போன் போட்டேன். எதற்குச் சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"சண்ட போடாதீங்க மிஸ். நான் பேசுனா பரீட்ச வரைக்கும் கிளாஸ் நடக்குமாம். இல்லாட்டி இந்த வாரத்தோட சரின்னு சேர் சொன்னாரு. மத்தவங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"பேனர் போடப்போறது தெரியுமா?"

"என்ன பேனர்?"

சொன்னேன்.

"பெரகலயில தானே மிஸ். அப்பா அந்தப் பக்கம் போறதில்ல. வெள்ளிக்கெழம மேமலையில தேயிலைக்கு மருந்தடிக்கிறாரு, பிள்ளைக்காம்பராவுக்கும் வரமாட்டாரு. அவருக்கு மட்டும் தெரியக்கூடாது மிஸ்."

பரீட்சைக்குப் படிக்கவேண்டிய மூளை. அப்பாவிடம் எதை எப்படி மறைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

நிறுவனத்தில் சேரும்போது எனக்கு ஒரு தாள் தந்தார்கள், தொண்டர்கள் எதிர்பார்க்கக்கூடியவை என்று. புதிய அனுபவம், மனநிறைவு, சான்றிதழ். அதில் விட்டுப்போனவை:
– டீ சேர்ட். எல்லோருக்கும் ஒரே சைஸ், யாருக்கும் அளவில்லாதது.
– பிள்ளைகள் உன்னை நம்புவார்கள். அந்த நம்பிக்கையை வேறு யாரோ எடுத்துச் செலவழிப்பார்கள்.
– கேள்வி கேட்டால் "டீம் ஸ்பிரிட்" இல்லை.
– பாடம் எந்த நாளும் தள்ளிப்போகும். போட்டோ ஒரு நாளும் தள்ளிப்போகாது.

தைலம் வாங்க மறந்தாயிற்று. அம்மாவின் முகம் நீண்டுவிட்டது.

ஒக்டோபர் 11, வெள்ளி

லீவு போட்டுப் போனேன்.

விருந்தினருக்காகப் பிள்ளைக்காம்பராவைக் காலி செய்திருந்தார்கள். கைக்குழந்தைகள் தொட்டிலோடு கோயில் மண்டபத்தில். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். சிறுவர் நலனுக்காக வந்தவர்களுக்கு இடம் விடச் சிறுவர்கள் வெளியே. யாருக்கும் இது உறைக்கவில்லை.

மாலை, பொட்டு, வரவேற்பு நடனம். பிறகு நிரோஷா மைக்கைப் பிடித்தாள். நல்ல இங்கிலீஷ், நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். "மை மதர்" என்று ஆரம்பித்தபோது வெளியே ஒப்பாரிச் சத்தம்.

நடந்தது இது. கொஸ்லந்தைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்த அவள் அத்தை, அப்பா சிவனுவின் கூடப் பிறந்தவள், சந்தியில் பேனரைப் பார்த்திருக்கிறாள். கறுப்பு வெள்ளை முகம், விளக்கு. வேறு என்ன நினைப்பாள்? அங்கேயே இறங்கி, நெஞ்சில் அடித்துக்கொண்டு குறுக்குப் பாதையால் மலைக்கு ஏறியிருக்கிறாள். கொழுந்துப் பெண்கள் கேட்டு அழ, கங்காணி மேமலைக்குக் குரல் கொடுத்திருக்கிறார். சிவனு முதுகிலிருந்த மருந்து டாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பில்லை, முழங்கால் வரை சேறு. பின்னால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பெண்கள். நிரோஷா பேச்சை நிறுத்தினாள்.

"அப்பா."

நேரே வந்து அவள் தலையை, கன்னத்தை, தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அறை முழுக்க மருந்து வாடை.

"ஜெயா மாதிரி நீயும் போயிட்டியாக்கும்னு..."

ஜெயா அவள் அம்மா. இத்தனை வருஷம் வீட்டில் யாரும் எடுக்காத பேர். அதை இத்தனை அந்நியர் முன்னால் சொல்லவைத்தோம்.

விருந்தினர் கைதட்டினார்கள்! ஒ. மைக்கை வாங்கி, இவர்தான் தந்தை என்று இங்கிலீஷில் அறிமுகம் செய்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடியோ எடுத்தார். ஒத்திகை பார்த்து நடத்தியது என்றே நினைத்திருப்பார்கள்.

மைக் வயரைப் பிடுங்கினேன். பிளக்கோடு வந்துவிட்டது.

"அவரு மக செத்துட்டான்னு ஓடி வந்திருக்காரு சேர்! கைதட்டுறதுக்கு என்ன இருக்கு? போய் அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க இத!"

சொல்லவில்லை. "மிஸ் கொஞ்சம் எமோஷனல்" என்பதை மட்டும் சொன்னார். அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

சிவனு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போனார். என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 12, சனி

நல்ல வெயில். துணி துவைக்கலாம், மனமில்லை.

காலையில் ஒ. போன். திட்டத்தான் எடுக்கிறார் என்று பார்த்தால் குரலில் குதூகலம். விருந்தினருக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். வகுப்புக்கு இனி பிரச்சினையே இல்லையாம்.

"அடுத்த வெள்ளி இன்னொரு குரூப் வருது மிஸ். அந்த அப்பாவும் வந்தா நல்லம். நீங்க சொன்னா கேப்பாரு."

"பேனர் இன்னும் அங்கதான் தொங்குதா?"

"அடுத்த குரூப்புக்கும் தேவைதானே. இருக்கட்டும்."

வாயில் வந்ததைச் சொன்னேன். இங்கே எழுதவில்லை, அம்மா சில வேளை இந்தக் கொப்பியைப் புரட்டுவாள். அச்சகத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெரகல. பேனர் தேத்தண்ணிக் கடைக்கு எதிரே. அதில் மாலை போட்டிருந்தது. செவ்வந்தி மாலை, புதிது, அவள் முகத்தைச் சுற்றி. நான் ஏறி நிற்க இடம் தேடுவதைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார்.

"சொந்தக்காரங்களா நீங்க? பாவம், சின்னப் புள்ள. யாருமே மால போடலியேன்னு நான்தான் வாங்கிப் போட்டேன். எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?"

"எடுக்கலீங்க. உயிரோட இருக்கு. அடுத்த மாசம் பரீட்ச எழுதுது."

மனிதர் என்னைத் தள்ளாத குறையாக ஸ்டூலில் ஏறி மாலையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, "சாமி, சாமி" என்றார். ஒரு பக்கக் கயிற்றை நான் அறுத்தேன், மறுபக்கத்தை அவர் அவிழ்த்தார். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், முகம் உள்ளே இருக்கும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். இனி அந்தத் தோட்டத்தில் எந்த முகத்தோடு நிற்பது? வகுப்பு போயிற்று என்றுதான் நினைத்தேன். ஹப்புத்தளை தாண்டும்போது நிரோஷா போன் எடுத்தாள்.

"மிஸ், இன்னிக்கு இல்லாட்டியும் நாளைக்குக் கிளாஸ் இருக்குத்தானே?"

"சேர் விடுவாரோ தெரியலயே நிரோஷா."

"பிள்ளைக்காம்பரா சாவி, கைக்குழந்தைங்கள பாக்குற ஆயாம்மாகிட்ட இருந்திச்சு. அப்பா போய்க் கேட்டு வாங்கிட்டாரு. வாசல்ல அவரு ஒக்காந்துக்கிருவாராம். மிஸ்ஸ மட்டுந்தான் உள்ள விடுவாராம்."