இரண்டு கிலோவும் ஒரு ஈயத்துண்டும்

மச்சான்,

இன்று காலை உன் அண்ணன், நம் எல்லோருக்கும் நானா, என் மீன் வாடிக்கு வந்து என் மேசையில் ஒரு ஈயத்துண்டை வைத்தார். கட்டைவிரல் அளவு. ஒரு பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கியது.

“இது என்னெண்டு உனக்குத் தெரியுமா தம்பி? அவன்ட கையுறைப் பைக்குள்ள துணியில சுத்திக் கிடந்திச்சு. ஆரும் செய்வினை செஞ்சு வெச்சதோ எண்டு வீட்டில பயப்படுறாங்க.”

எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த ஈயத்தின் கதை முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் நீ போய் ஒரு வருடமாகிறது. தெரியாது நானா என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. “முதல்ல ஒரு பிளேன்டீ குடியுங்கோ நானா” என்று அவரைக் கதிரையில் இருத்தினேன். அது ஆறும் வரைதான் எனக்கு அவகாசம்.

நீ முதன்முதலில் என் தராசில் ஏறிய காலை ஞாபகம் இருக்கிறதா? கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு நானாவின் போட்டில் வந்தாய். அறுக்குளா மீன் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு உப்புவெளி வரை ஓடித் திரும்பினாய். வியர்வை சொட்டச் சொட்ட மீன் நிறுக்கிற மேடையில் ஏறி நின்று, “மீனெல்லாம் பிறகு மச்சான், முதல்ல என்னை நிறு” என்றாய். குத்துச்சண்டைக்காரனுக்கு அடியை விட எடைதான் பயம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் என் வாடியின் முதல் நிறுவை நீதான். “சூரை வந்திட்டுது முதலாளி, நிறுங்கோ” என்று வேலையாட்கள் பகிடி பண்ணுவார்கள். நீ செவுளைத் திறந்து காட்டுவது போலக் காதை மடித்துக் காட்டுவாய்.

அப்போது நீ பதக்கத்துக்குச் சண்டை போடுகிறவன். சீனன்குடா விமானத்தள வேலியோரமாக நீ ஓடினால் காவலுக்கு நிற்கிற பெடியன் மணிக்கூட்டைப் பார்த்து, நேற்றையை விடப் பிந்திவிட்டாய் என்று கையைக் காட்டுவான். பதக்கங்கள் வந்தன, படங்கள் வந்தன, சாப்பாடு மட்டும் நானாவின் வலையிலிருந்தே வந்தது. பிறகுதான் கொழும்பிலிருந்து அந்த அழைப்பு. ஆறு சுற்று, சம்பளத்தோடு. அறுபத்தொரு கிலோவுக்கு மேலே ஒரு பிடி கூட இருக்கக் கூடாது. “இனிமே அடி வாங்கினாலும் காசுடா” என்று வாடி முழுக்கச் சொல்லித் திரிந்தாய். அதில் நன்றாகச் சண்டை போட்டால் வெளிநாட்டுக்கும் கூப்பிடுவார்களாம்.

என் தராசைப் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை. இப்போதாவது எழுதவேண்டும். அதன் தண்டில் தொங்குகிற இரும்புக் கல்லின் அடியில் அப்பா தன் காலத்திலேயே ஒரு ஈயத்துண்டை ஒட்டி வைத்திருந்தார். வலைக்குக் கட்டுகிற ஈயந்தான். அதனால் நூறு கிலோ மீன் ஏறினால் தராசு தொண்ணூற்றேழு என்று சொல்லும். அப்பா போனபின் தராசு எனக்கு வந்தது, ஈயமும் வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நிறுத்தேன். உன் நானாவின் மீனும் அதில்தான் ஏறியது.

கொழும்புக்குப் போக ஒரு கிழமை இருக்கும்போது உன்னிடம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா நல்லது மச்சான்.”

“ஏன்டா? தராசு அறுபத்தொண்டு எண்டு சொல்லுது. நீ தராசை விடப் பெரிய ஆளா?”

அதோடு வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் என் மானம் போகும், சொல்லாவிட்டால் உன் சண்டை போகும். நான் என் மானத்தைப் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

கொழும்பில் நீ ராசா மாதிரி மேடைத் தராசில் ஏறினாய். அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது. இறங்கி மறுபடி ஏறினாய். தராசு அசையவில்லை. இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். நீ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு எடை பார்த்த அந்த ஹோட்டலின் படிகளில் ஓடத் தொடங்கினாய். வியர்வை துடைக்கிற துவாயோடு நான் பின்னால். மூன்றாம் மாடியில் எனக்கு மூச்சும் முட்டியது, பொய்யும் முட்டியது.

“மச்சான், தராசில பிழை.”

“இவனுகள்ட தராசிலயா?”

“எங்கட தராசில. அப்பா ஈயம் ஒட்டி வைச்சவர். எனக்குத் தெரியும்.”

நீ நிற்கவில்லை. நின்றால் வியர்வை நின்றுவிடும். நாலாம் மாடியில், “எவ்வளவு காலமா?” என்றாய். “நான் சின்னனா இருக்கேக்க இருந்து.” ஐந்தாம் மாடியில், “நானாட மீனும்?” “ஓம்.” ஆறாம் மாடியில் திரும்பி என்னைப் பார்த்தாய். சம்பளத்துக்கு அடிக்கிறவன் ஒருவன், வாடிக்காரன் ஒருவன், நடுவில் ஒரு துவாய். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“இப்ப உனக்கு ஒண்டு போட்டா நாளைக்கு அடிக்க எனக்குப் பெலன் இருக்காது. அதால தப்பினாய். ஓடு.”

ஓடினோம். கடைசியில் நான் துவாயைச் சுற்றிப் பிடிக்க, நீ பிறந்த மேனியாக ஏறி நின்றாய். சரியாக அறுபத்தொன்று. ஆனால் ஏற்கெனவே காய்ந்திருந்த உடம்பிலிருந்து பிழிந்த இரண்டு கிலோ அது. அடுத்த நாள் முதல் மூன்று சுற்றும் நீ ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எதிராளியின் ஆட்களே கை தட்டினார்கள். நாலாவதில் கால் கனத்தது. ஆறாவதில் நீ நின்றதே பெரிய காரியம். புள்ளியில் தோற்றாய்.

சண்டை முடிந்ததும் பத்திரிகைக்காரர் ஒருவர் எடை ஏன் கூடியது என்று கேட்டார். நான் வாளியோடு உன் பக்கத்தில் நின்றேன். உதடு வீங்கியிருந்த நீ என்னைப் பார்க்கவே இல்லை.

“புரியாணி” என்றாய். “உம்மா ஆக்கினவ. விட ஏலாமப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் பஸ்ஸில் திருகோணமலை வந்து சேருமுன்னே அந்தப் பெயர் வந்து சேர்ந்திருந்தது. அதன் பிறகு உன் ஊர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதா? புரியாணிதான். வாயைக் கட்டத் தெரியாதவன், வயிற்றால் தோற்றவன் என்று சந்தைக்குச் சந்தை சொன்னார்கள். சண்டைக்கு முந்தைய ஒரு மாதம் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் தவிர நீ ஒன்றும் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். “உம்மா கூட என்னோட கோவம்டா, அவ அந்த மாசம் புரியாணியே ஆக்கல்ல” என்று சொல்லிச் சிரித்தாய்.

பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வாடிக்கு வந்தாய். திருப்புளியை எடுத்து என் கையில் வைத்து, “கழட்டு” என்றாய். கல்லின் அடியில் நெம்பிக் கழற்றினேன். ஈயத்தை நீ உன் பையில் போட்டுக்கொண்டாய்.

“இது எனக்கு. இதால தோத்தவன் நான்தானே.”

“நானாட்ட?”

“நீதான் சொல்லவேணும். நான் சொல்ல மாட்டன். எப்ப ஏலுதோ அப்பச் சொல்லு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீ அதைக் கேட்டதில்லை. எனக்கு ஏலவுமில்லை, பன்னிரண்டு வருடமாக.

தராசு திருந்தியதிலிருந்து வேறொரு கூத்து. சரியாக நிறுத்து வாங்குகிற மீன், அனுப்புகிற இடத்தில் எடை குறைந்தது. ஏனென்று எனக்குப் பிடிபடவேயில்லை. உன்னிடம் சொன்னபோது, “அது உன்ட பாவம் வடியுதுடா” என்றாய்.

அந்தத் தோல்வியால் வெளிநாட்டு அழைப்பு இரண்டு வருடம் பிந்தியது. ஆனாலும் வந்தது. பாங்கொக், துபாய், கோலாலம்பூர். பத்து நாள் அவகாசத்தில் கூப்பிடுவார்கள். அந்த ஊர்க்காரன் வெல்வதற்காக உன்னை எடுப்பார்கள். சில தடவை அவர்கள் கணக்கைக் குழப்பிவிட்டு, ஹோட்டல் சவர்க்காரக் கட்டிகளை அள்ளிக்கொண்டு வருவாய். ஒரு விமான நிலையத்தில் ஈயத்தைப் பிடித்துக்கொண்டு இது என்னவென்று கேட்டார்களாம். “என்ட சிநேகிதன்” என்று சொன்னாயாம். எங்கே போக முன்னும் என் தராசில் ஏறித்தான் போவாய். அங்கே எடை பார்த்த கையோடு எனக்குப் போன் எடுப்பாய். “மச்சான், இவனுகள்ட தராசும் உன்ட தராசு சொன்னதத்தான் சொல்லுது.” உலகத்தில் என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

கண்ணைப் பார்த்த டொக்டர் போதும் என்றதும் கையுறையைக் கழற்றிவிட்டு என்ன கடை போட்டாய்? புரியாணிக் கடை. பெயர்ப்பலகையில் இரண்டு கையுறை. “பேர் சும்மா கிடக்குது, உழைக்கட்டும்” என்றாய். யார் வந்தாலும் சாப்பாட்டுக் கோப்பை வழிய வழியப் போடுவாய். கட்டுப்படியாகுமா என்று கேட்டால், “என்ட கடையில தராசே இல்லடா” என்பாய். அந்தக் குசினி அடுப்படியில்தான் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன், எழும்பவேயில்லை.

உன்னை அடக்கம் செய்யத் தூக்கிப் போனபோது நானா என்னைக் கூப்பிட்டு முன்பக்கத்தை என் தோளில் வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடு நான் உன்னைச் சுமந்தேன். அந்த வெட்கம் உன் பாரத்தை விடக் கூடவாக இருந்தது.

இன்று பிளேன்டீ ஆறியது. நானா குடித்து முடித்தார். சொன்னேன் மச்சான். ஈயம், அப்பா, அவருடைய மீன், ஆறு மாடி, நீ சாப்பிடாத புரியாணி, எல்லாவற்றையும். குனிந்த தலை நிமிராமல் சொன்னேன்.

அவர் மேசையிலிருந்த ஈயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, “தராசு குறைக்கும் எண்டது உன்ட அப்பா காலத்திலயே எங்களுக்குத் தெரியும் தம்பி” என்றார்.

“தெரிஞ்சுமா என்னட்டக் கொண்டு வந்தனீங்கள்?”

“நாங்க சும்மா கொண்டு வரல்ல. செவுளுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் எடைக்கு ஐஸை அடைஞ்சுதான் கொண்டு வந்த.”

பன்னிரண்டு வருடமாக என் பாவம் எங்கே வடிந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானா சிரிக்கவில்லை. ஈயத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“ஒவ்வொரு விடியவும் அவன் அதில ஏறி நிக்கிறத நானும் பாத்துக்கொண்டுதான் நிண்ட. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரல்ல தம்பி. அது மீனுக்கு மட்டுந்தான் குறைக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் அவரை ஏமாற்றினேன், அவர் என்னை ஏமாற்றினார், ஈயம் இருந்த காலத்தைக் கூட்டிக் கழித்தால் இரண்டு பேருக்கும் நட்டமில்லை. அந்தத் தராசு உண்மையாக ஏமாற்றியது உன் ஒருவனைத்தான். உன் வயிற்றில் மட்டுந்தான் ஐஸ் இருக்கவில்லை. அதைச் சொன்னதும் நானா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவழியில் அழுகையானது. நானும் அழுதேன். பெட்டி தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர்களுக்கும் கதையைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் துறைமுகம் முழுக்கப் போயிருக்கும். நீ புரியாணியால் தோற்கவில்லை என்று இனி எல்லோருக்கும் தெரியும்.

போகும்போது நானா செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். எண்பத்திரண்டு காட்டியது.

“கூடக் காட்டுது” என்றார்.

“இல்ல நானா. இது உண்மை.”

“அப்ப அவன்ட புரியாணிதான்” என்று இறங்கி, ஈயத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அது இப்போது என் சட்டைப் பையில் கிடக்கிறது. அவர் போனபின் நானும் தராசில் ஏறிப் பார்த்தேன். ஈயத்தை எடுத்து வெளியே வைக்கத் தோன்றவில்லை. அதையும் சேர்த்தே நிறுத்தேன், மச்சான். அது என்னுடைய எடைதானே.