பாலிஷ் போடாத பலகை

டேய் தம்பி,

கட்டி முடித்துவிட்டேன்டா! நீ இருந்த மனநல வார்டை இடித்துவிட்டு, நான் வரைந்தபடியே முழுக்க மரத்தில். உள்ளே நுழைந்தாலே புதுப் பலகை வாசனை. சுவரில் சாய்ந்தால் முதுகு சில்லிடுவதில்லை.

அனுமதிக் கூட்டத்தில் பெரிய டாக்டர் முரண்டு பிடித்தார். "மரச்சுவரா? நோயாளிங்க கீறி வெச்சுடுவாங்கம்மா."

"கீறட்டும் சார். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிடும். நல்லா இருந்தா அப்படியே விட்டுடலாம்."

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

நீ அங்கே இருந்தபோது சிமெண்டுச் சுவரில் ஸ்பூன் காம்பால் ஒரு குருவி வரைந்தாயே, மறுநாளே வெள்ளையடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நீ எதுவுமே வரையவில்லை.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ரிப்பனை யாராவது வெட்டிக்கொள்ளட்டும். ஜன்னலோரம் ஒரு பலகைக்கு மட்டும் பாலிஷ் போடவிடாமல் வைத்திருக்கிறேன்.

நீ வா. ஸ்பூன் நான் கொண்டுவருகிறேன்.

உன் அக்கா