வெள்ளைப் பூ வரும்வரை

அன்புள்ள அப்பா,

1984, ஆடிப் பதினெட்டு, காலை ஏழே கால் மணி. நீங்கள் போய்ப் பதினொரு மாதம். ஊரே ஜேடர்பாளையத்து ஆற்றுக்குக் கிளம்பிவிட்டது. நானும் அம்மாவும் வீட்டில்தான். காலையிலிருந்து சண்டை.

அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. போன வாரம் எரிகிற அடுப்பில் கை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ மாரியம்மன் கோயிலில் பூ கேட்டாள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம்; வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி எடுத்துக் கொடுத்தது சிவப்பு. "ஆத்தா வேண்டாங்குது சாமி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

கத்தினேன். போர் போடும் ரிக் லாரிப் பட்டறையில் அளவு பார்க்காமல் ஒரு போல்ட்கூடப் போடாதவன் வேறென்ன செய்வேன்? உங்களிடமும் இப்படித்தானே கத்தினேன்? மாடு வாங்கப் பூ, கிணறு வெட்டப் பூ. வயதானால் முடி கொட்டுகிறது, பல் ஆடுகிறது; யோசிக்கிற விதம் மட்டும் ஏன் அசைவதே இல்லை?

"அப்பா இருந்தாலும் செவப்புன்னு சொல்லி உன்னைய இப்படியேதான் உட்டுருப்பாரு" என்றேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "அவியளா? உன்னையப் பாலிடெக்னிக்குல சேக்கப் பூக் கேட்டப்பவும் செவப்புத்தான். 'ஆத்தாளுக்கு மிசினப் பத்தி என்ன தெரியும், வேற சாமியக் கேப்போம்'னு கெளம்பிட்டாங்க. மூணாவது கோயில்லதான் வெள்ள வந்துது."

"அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் சாமியக் கேட்டாரா?"

"பின்ன? நீ மட்டும் என்னவாம்? கெணத்து மோட்டார மேக்கால வெக்கோணும்னு மனசுல வெச்சுட்டு, கணக்கு ஒத்து வர்ற வரைக்கும் தாளுத் தாளாக் கிழிச்சியே!"

அப்பா, மூன்று கோயில் ஏறியதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் மாறியிருப்பேனா? மாட்டேன். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

"உனக்குக் கண்ணு தெரியோணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு ஆரு சொன்னா? பயமாருக்குது சாமி."

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இனி செய்யப்போவது:

1. நாளை முதல் பஸ்ஸில் அம்மாவைத் திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்குப் பூ கேட்கக் கூட்டிப் போவேன். பொட்டலத்தை நான் கட்ட மாட்டேன். ஏமாற்று வேலை எனக்கு வராது.

2. அங்கும் சிவப்பு என்றால் அடுத்த கோயில். அப்புறம் அதற்கு அடுத்தது. முகம் சுளிக்க மாட்டேன்.

3. திங்கட்கிழமை ஆபரேஷன் அறை வாசல் வரை அம்மாவின் கையை விட மாட்டேன். அதற்கு மேல் என்னை உள்ளே விட மாட்டார்கள். நீங்கள் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்களைப் போலவே மாறாத
உங்கள் மகன்