லேஸ் குழுவில் நீங்கள் கேட்ட கேள்வி

அக்கா,

பக்கத்து வீட்டில் யாருக்கோ முட்டி வலி. ஆமணக்கு இலையில் விளக்கெண்ணெய் தடவித் தணலில் வாட்டுகிறார்கள். ஜன்னலைச் சாத்திய பிறகும் வாசனை உள்ளே வருகிறது. நாளைக்கு எனக்கு உயிரியல் தேர்வு. புத்தகம் திறந்திருக்கிறது, ஒரு வரிகூட ஏறவில்லை. இந்த வாசனைக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று இந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு நான் முதன்முதலாக வந்தது பத்தாம் வகுப்பில். அமிர்தி காட்டு மான்களைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட், அதற்குப் படம் வேண்டும். கல்லாவில் நீங்கள் குரோஷா ஊசியும் வெள்ளை நூலுமாக உட்கார்ந்திருந்தீர்கள். ஷூ கம்பெனி ஆள் ஒருவர் சாம்பிள் படங்களை உடனே அனுப்ப வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பின்னுவதை நிறுத்தவே இல்லை. "மூணாவது சிஸ்டம் ஸ்லோ சார், நாலாவதுல உக்காருங்க" என்றீர்கள். அடுத்த முறை வந்தபோது என் கையில் இருந்த நூலகப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு எனக்குப் பெயரும் வைத்துவிட்டீர்கள். "இன்னா புக்கு, லைப்ரரி லீவா?"

மதியத்தில் கூட்டம் குறைந்ததும் உங்கள் திரையில் லேஸ் குழு திறக்கும். பொழுதுபோக்காக லேஸ் பின்னுகிற பெண்களின் மடல் குழு அது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். நாகர்கோவிலிலிருந்து மஸ்கட் வரை இருந்தார்கள், ஆங்கில எழுத்தில் தமிழ் பேசினார்கள். பாதிப் பேச்சு லேஸ், பாதி வீடு. மைதா கஞ்சி போட்டால் லேஸைப் பூச்சி அரிக்கும், ஜவ்வரிசிக் கஞ்சி போடுங்கள். சர்க்கரை டப்பாவில் நாலு கிராம்பு போட்டால் எறும்பு வராது. தளர்ந்த குக்கர் காஸ்கெட்டைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மாமியார் ஊருக்குப் போய்விட்டார், இன்றைக்கு நாள் முழுக்கப் பின்னப் போகிறேன். எனக்கு அதெல்லாம் கதைப் புத்தகம் படிப்பதைவிட நன்றாக இருந்தது.

நீங்கள் ஒரு முறை ஈர லேஸைத் தெர்மகோலில் சாதாரணக் குண்டூசியால் குத்திக் காயவைத்தீர்கள். குத்திய இடமெல்லாம் துரு. அழாத குறையாகக் குழுவில் எழுதினீர்கள். கோவை ஆன்ட்டி உடனே பதில் போட்டார்: "எலுமிச்சைச் சாறு, உப்பு, வெயில். நாங்க எல்லாரும் ஒரு தடவ பண்ண தப்புதான் கண்ணு." அப்போதே என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் வாங்க ஓடினீர்கள். திரும்பி வந்து, "பாத்தியா புக்கு, ஒருத்தர்கூட திட்டல. எங்க வீட்ல ஒரு டம்ளர் கை தவறினா ஒரு வாரம் பேசுவாங்க" என்றீர்கள்.

அதனால்தான் அந்தக் கேள்வியையும் அங்கே கொண்டுபோனீர்கள் என்று இப்போது புரிகிறது.

உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வேலூர். அவருடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் சிஸ்டர். முக்காட்டு நெட்டின் ஓரத்துக்கு நீங்களே அன்னாசி டிசைனில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்துக் குழுவே கிறங்கிப் போனது. பேட்டர்ன் கேட்டார்கள். "கல்யாணம் முடியட்டும், போடுறேன்" என்று எழுதினீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் அதை எழுதி வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு மதியம் நீங்கள் தட்டச்சு செய்ததைப் பக்கத்தில் நின்று படித்தேன். "என் தோழி ஒருத்திக்கு மார்பில் கட்டி. வலி இல்லை. வீட்டு வைத்தியம் ஏதாவது இருக்கிறதா?"

"எந்தத் தோழி அக்கா?"

"உனக்குத் தெரியாது."

சொல்லிக்கொண்டே துப்பட்டாவை இடது பக்கமாக இழுத்து விட்டீர்கள். எனக்குத் தெரிந்துபோனது.

லேஸ் சந்தேகம் எதற்கும் அவ்வளவு வேகமாகப் பதில் வந்ததில்லை. ஆமணக்கு இலையை வாட்டிக் கட்டச் சொல்லு. மஞ்சள் பற்று போடச் சொல்லு. வெறும் நீர்க்கட்டிதான், கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்தால் கரைந்துவிடும். தோழிக்காக ஜெபிக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பூ.

"வலி இல்லன்னாக்கூட உடனே டாக்டர்கிட்ட காட்டணும்னு புக்குல போட்டிருக்கு அக்கா."

"புக்குல ஆயிரம் போடுவான்."

"வேலூர் பக்கத்துலதானே இருக்கு?"

நீங்கள் சிரித்தீர்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. "நம்ம சர்ச்சுல பாதிப் பேரு அங்கதான் வேல செய்றாங்க. நான் ஓ.பி. சீட்டு வாங்குறதுக்கு முன்னாடி சிஸ்டருக்கு நியூஸ் போய்டும். ஞாயித்துக்கெழம எனக்காக ஜெபமே பண்ணிடுவாங்க."

"அப்ப பெங்களூரு போலாமே. ஜோலார்பேட்டையில ரயில் ஏறினா..."

"அம்மாகிட்ட இன்னான்னு சொல்லிட்டுப் போறது? லேஸு வாங்கப் போறேன்னா?"

கல்கத்தாவிலிருந்து ஜனங்கள் படுக்கையும் எக்ஸ்ரே கவருமாக ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். உங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி ஒரு பஸ் தூரம். நீங்கள் மஸ்கட்டில் இருக்கிறவரிடம் வைத்தியம் கேட்டீர்கள்.

நான் எங்கள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொண்ணோட வாழ்க்கடி. எங்கயாவது வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன். கல்யாணம் ஆகட்டும், மாமியாரே நர்சு, பாத்துப்பாங்க."

பிறகு நாலாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு ஐ.டி. உண்டாக்கிக்கொண்டு குழுவில் சேர்ந்து எழுதினேன். மிகவும் மரியாதையாகத்தான் எழுதினேன். இலை கட்டிக் காத்திருக்க வேண்டாம், அந்தத் தோழி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், தயவுசெய்து எல்லோரும் அவரிடம் அதைச் சொல்லுங்கள் என்று. குழுவை நடத்துகிற மஸ்கட் ஆன்ட்டி பதில் போட்டார். "சின்னப் பொண்ணு போல இருக்கே குட்டிம்மா. யாரையும் பயமுறுத்தக் கூடாது. இது லேஸ் குழு. மருத்துவ விவாதம் இங்கே வேண்டாம்." குழுப் பக்கத்திலிருந்து என் மடலை நீக்கிவிட்டார். ஆமணக்கு இலை இருந்தது, மஞ்சள் பற்று இருந்தது. அவை வீட்டுக் குறிப்புகளாம்.

"யாரு உன்ன எழுதச் சொன்னது? மானத்த வாங்கிட்டியே" என்றீர்கள் நீங்கள். அதன் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. கடைக்கார பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னாமா, தோஸ்துங்களுக்குள்ள பேஜாரா?" என்று கேட்டார். அப்போதெல்லாம் உங்கள் நாற்காலியைச் சுற்றி இந்த இலை வாசனை இருக்கும். எலி எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துவிட்டது என்று நினைத்து பாய் ஊதுவத்தி ஏற்றி வைத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் சிஸ்டர் நெட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தார். உங்கள் லேஸை அதில் வைத்துப் பார்க்க, தலையில் போட்டுத் தோளில் பின் குத்தினார். கையைத் தூக்கச் சொன்னார். நீங்கள் தூக்க முடியாமல் முகம் சுளித்தீர்கள். அவர் மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். வார்டில் உங்களைப் பார்க்க வந்தபோது மீதியை நீங்களே சொன்னீர்கள்.

"கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க புக்கு. அவங்களே சீட்டு போட்டாங்க. 'ஏம்மா, என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா'ன்னு அங்கயே அழுதாங்க."

டாக்டர்கள் காலம் கடந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள்.

நீங்கள் பயந்தபடியே சம்பந்தம் நின்றது. பையனின் மாமாக்கள் வந்து மெதுவான குரலில் பேசி நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆனால் யாருக்குத் தெரிந்துவிடும் என்று ஒளித்தீர்களோ, அந்த சிஸ்டர்தான் டூட்டி முடிந்து ஒவ்வொரு நாளும் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தார், கடைசி வரைக்கும். அவரைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கு தப்பு. அந்தத் தப்பை எந்த எலுமிச்சம்பழத்தால் எடுப்பது?

குழுவுக்கு நான்தான் செய்தி எழுதினேன். நிறையப் பேர் கண்ணீர் என்று எழுதினார்கள். "தோழிக்கு" என்று நீங்கள் கேட்டது யாருக்கும் நினைவு வரவில்லை. அன்றைக்கே ஒருவர் கேட்டார்: "அந்த அன்னாசி டிசைன் யாரிடமாவது இருக்கிறதா? பாவம், போடுவதாகச் சொல்லியிருந்தாள்." நல்ல யோசனை, அவள் நினைவாகக் குழுவில் சேர்த்து வைப்போம் என்றார் மஸ்கட் ஆன்ட்டி. பேட்டர்ன் என்னிடம் இருக்கிறது. நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.

அவர்கள் அன்பாகவே உங்களைக் கொன்றார்கள் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அது சரியில்லை. அவர்கள் துருக் கறைக்குப் பதில் சொன்ன அதே அன்போடுதான் கட்டிக்கும் பதில் சொன்னார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். ஆனால் துருவுக்கு ஓடினீர்களே அக்கா, படிக்கட்டில் செருப்புகூடப் போடாமல். உங்களுக்காக ஏன் ஓடவில்லை?

போன மாதம் எங்கள் அம்மா குளித்துவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்தாள். "கட்டி மாதிரி இல்ல? யார்கிட்டயும் சொல்லாத." கூடத்தில் அப்பாவோடு சர்ச்சிலிருந்து வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவைத் திறந்து அங்கே போய் நின்று, "அப்பா, அம்மாவுக்கு மார்ல கட்டி இருக்கு. நாளைக்கே வேலூர் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

போனோம். ஓ.பி. வரிசையில் தெரிந்த முகங்கள் அம்மாவைப் பார்த்தன, அம்மா தரையைப் பார்த்தாள். ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் விசாரித்தார்கள். என்னை வாயாடி என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. இப்போது யார் எங்கே வலி என்று முணுமுணுத்தாலும், "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறேன். உங்களால் எனக்கு வந்து சேர்ந்த குணம் இதுதான். யாருக்கும் இது பிடிக்கவில்லை.

அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். வைக்கட்டும். உங்கள் வீட்டில் உங்கள் அம்மாவுக்குக் கோபித்துக்கொள்ள மகள் இல்லை.