அறுபத்திரண்டு விதவைகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சாமி கும்பிட உட்கார்ந்தால் மனசு நிற்கவில்லை. ஊர்க் கிணற்றை ஒட்டின வயலில் நானூறு வீடு கட்டப் போகிறார்களாம். இருக்கிறதே எண்பது வீட்டு ஊர். டிசம்பரிலேயே, சோதனைக்கு என்று சொல்லி, இரண்டு போர்வெல் போட்டு நாளெல்லாம் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். நேற்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். கம்பெனிக்காரன் அட்டையில் செய்த குட்டி வீடுகளை மேசைமேல் பரப்பினான். குட்டி மரம், குட்டி கார், குட்டி நீச்சல்குளம். கிணறு இருக்கிற இடத்தில் ஒரு பச்சைப் பஞ்சு.

"எங்க கிணறு எங்கேப்பா?"

"அது பார்க் அம்மா."

நாங்க பார்க்கையா குடிக்கிறது? என் தம்பி, "நீ சும்மா இரு அக்கா" என்றான். வயலை விற்ற மகராசன். கம்பெனி கொடுத்த தொப்பியை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே திரிகிறான். உள்ள ஒண்ணும் இல்லாத தலைக்கு மேல மூடி எதுக்கு?

மார்ச் 5, வியாழன்

ஆட்சேபணையைத் தாலுகா ஆபீசில் எழுத்தில் கொடுக்கலாமாம், தபால்காரர் சொன்னார். எப்படி எழுதுவது என்று ஆளாளுக்கு முழித்தார்கள். மாதிரிக்கு நானே ஒரு மனு எழுதிக் கடைச்சுவரில் ஒட்டினேன்.

மார்ச் 9, திங்கள்

அறுபத்திரண்டு மனு! ஆண்டவன் கண் திறந்துவிட்டான். கட்டாகக் கட்டி ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். தம்பி வீட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவன் பெண்டாட்டி ஒரு கல்லுளிமங்கி. கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம், என்னோடு இருபத்திரண்டு வார்த்தை பேசியிருப்பாளா? புருஷன் தொப்பியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

மார்ச் 16, திங்கள்

மானம் போச்சு.

அதிகாரி அம்மா எல்லாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார். முதலில் நம்ம தையல்காரனை எழுப்பினார். முறுக்கு மீசையோடு நின்றான்.

"நீங்க கணவனை இழந்தவரா?"

"இல்லைங்கம்மா."

"கர்ப்பப்பை ஆபரேஷன் எப்ப நடந்துச்சு?"

கம்பெனிக்காரன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அறுபத்திரண்டும் என் மனுவேதான்! வயது ஐம்பத்தாறு, விதவை, ஆபரேஷன் ஆன உடம்பு, தூரத்துக் கிணற்றுக்கு நடக்க முடியாது. ஒருத்தனாவது வயசை மாத்தினானா? எருமைங்க.

"நீதானே அத்தை ஒரு எழுத்துகூட மாத்தாதீங்கன்னே?" என்கிறான் மீசை.

சொன்னேன்தான். பிழை வரக்கூடாதுன்னு சொன்னேன். புருஷனைச் சாகடிக்கவா சொன்னேன்?

அறுபத்திரண்டையும் சேர்த்து ஒரே மனுவாகத்தான் எடுத்துக்கொள்வாராம். வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் வார்த்தையில் எழுத வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

வீடு வீடாக ஏறி இறங்கினேன். அவரவர் வார்த்தை! கடைக்காரன்: "நானூறு வீடு வந்தா நானூறு சோப்பு விக்கும். இருந்தாலும் அத்தைக்காக எதிர்க்கிறேன்." வாத்தியார் நாலு பக்கம் எழுதியிருந்தார், அதில் கிணறு என்ற வார்த்தையே கிடையாது. மீசை: "வாட்ச்மேன் வேலை கொடுத்தால் ஆட்சேபணை இல்லை." அவன் முன்னாலேயே கிழித்தேன்.

இவங்களை மன்னிச்சிடு சாமின்னு வேண்டிக்கிட்டேன். நீ மன்னிச்சாலும் நான் மாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆகணும்.

விசாரணை முடிகிற நேரத்துக்கு உள்ளே வந்தாள் கல்லுளிமங்கி. இடுப்பில் ஒரு கதவு. தன் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். உள்பக்கம் முழுக்கக் கரிக்கோடு. மாசம் பிறந்தால் கிணற்றில் எத்தனை முழம் கயிறு இறங்குகிறது என்று அளந்து எழுதியிருக்கிறாள். அவள் வந்த வருஷம் இருபது. போன நவம்பரில் இருபத்தொன்பது. இப்போது முப்பத்தெட்டு.

"நாலு மாசத்துல ஒன்பது முழமா?" அதிகாரி அம்மா எழுந்தே விட்டார். "இதை எதுக்கு எழுதி வெச்சீங்க?"

"புதுக் கயிறு வாங்கறப்ப நீளம் தெரியணும்லம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். ஐம்பத்தாறு வருஷமா அதே கிணத்தடியில நின்னு நான் ஊர்க்கதை பேசியிருக்கேன். கயிறைப் பார்த்தேனா?

தம்பி கம்பெனிக்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தலை நிமிரவில்லை.

மார்ச் 28, சனி

ஆபீசிலிருந்து வந்து கிணற்றை அளந்தார்கள். கதவு பொய் சொல்லவில்லை. இரண்டு போர்வெல்லுக்கும் சீல். தண்ணீருக்கு வேறு வழி காட்டாமல் ஒரு வீடுகூட எழும்பக் கூடாதாம். கம்பெனிக்காரன் அட்டை வீடுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

"நாமதான் ஜெயிச்சோம் அத்தை" என்றான் மீசை.

நாமளாம்!

ஏப்ரல் 2, வியாழன்

"கம்பெனி முன்னால என் மானத்தை வாங்கிட்டியே" என்று தம்பி கத்தினானாம். அவள் ஒரு பையையும் அந்தக் கதவையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்றோடு மூன்று நாள். நான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள். இப்படி ஒருத்தி பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறாள்!

இன்று தம்பி இரண்டு தடவை வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனான். மூன்றாம் தடவை செருப்புச் சத்தம் கேட்டதும், "உள்ள கூப்பிடட்டுமா?" என்று அவளைக் கேட்டேன்.

கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்குக் கூப்பிடுங்க, அண்ணி."