நீ குடுத்தனுப்பின போன்

மரக்காணம்
2.7.2006

அன்புள்ள மகன் அரவிந்தனுக்கு அம்மா எழுதுறது. துபாய் வெயில்ல உன் ஒடம்பு எப்படி இருக்குது, வேளைக்குச் சாப்பிடுறியா. எழுத்து கோணலா இருக்குதேன்னு பாக்காத, எனக்கு வலது மணிக்கட்டு உடைஞ்சி, மாவுக்கட்ட போன வாரந்தான் பிரிச்சாங்க. பயப்படாத, இப்ப தேவலாம். எப்படி ஆச்சின்னு உனக்குத் தெரியணும்னுதான் எழுதுறேன்.

பொங்கலுக்கு நீ கேமரா போன் குடுத்தனுப்பினப்ப எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துது. பஜார்ல பாட்டு ஏத்துற கடையில அதுல சின்னச் சின்னப் படமா ஏத்திக் குடுத்தாங்க. கொரங்கு ஒருத்தன் தொப்பியப் புடுங்கும், மாப்பிள்ளை மேடையில தூங்கி விழுவான், எல்லாம் ஒரு நிமிஷந்தான். முடிஞ்சா உங்க அப்பா அடுத்ததத் தட்டுவாரு, வாராவாரம் பழச அழிச்சிட்டு புதுசு ஏத்திக்கிட்டு வருவாரு. பாத்தியில கால வெச்சே உப்பு எப்ப எறங்கும்னு சொல்ற மனுஷன், உப்பளத்துக்கு வந்தா கொட்டாய விட்டு வெளிய வர்றதில்ல, சோத்த எறும்பு மொய்க்குது.

வைகாசியில ஒரு மத்தியானம் மேக்கால கருத்துக்கிட்டு வந்துது. வாரிக் குவிச்ச உப்பு மூடாம கெடக்குது. நானும் நம்ம அளத்துல உப்பு சுமக்குற அருக்காணியும் ஓலைய இழுத்துக்கிட்டு ஓடுறோம். உங்க அப்பாவ மூணு தடவ கூப்பிட்டேன், இரு, இது முடியட்டும், வர்றேன்னாரு. காத்து ஓலையத் தூக்குச்சி, அதோட நானும் வரப்புலேருந்து விழுந்தேன், கை அடியில மாட்டிக்கிச்சி. அருக்காணி கத்தினப்புறந்தான் வெளிய வந்தாரு, கையில அது இன்னும் ஓடிக்கிட்டிருந்துது. பாதி உப்பு கரைஞ்சி வாய்க்கால்ல போயிட்டுது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து அழுதாரு, என் தலையில கைய வெச்சி இனிமே தொடமாட்டேன்னாரு. நானும் நம்பினேன். மறுநாளே வராண்டாவுல அவரு சிரிக்கிறது கேக்குது. நர்ஸம்மா திட்டினாங்க. அதுலேருந்து சத்தத்தக் கொறைச்சி வெச்சிக்கிறாரு, அவ்ளோதான்.

நீ போன் பண்றப்பல்லாம் லைன் கட்டாவுது, டவர் சரியில்லன்னு அருக்காணி மவன்கிட்ட சொன்னியாமே. டவர் நல்லாத்தான் இருக்குது. நீ கூப்பிட்டா படம் நின்னுடுது, அதனால அவரு செகப்பு பட்டன அமுக்கிடறாரு. யாருன்னு கேட்டேன், ராங் நம்பர்னாரு. எட்டிப் பாத்தேன், உன் பேருதான் இருந்துது.

உம்மேல கோவமில்லன்னு பொய் எழுத மாட்டேன். ஊருக்கு வர்ற ஆள்கிட்ட இன்னும் பெரிய மெமரி கார்டு குடுத்தனுப்பறதாச் சொல்லியிருக்கியாம். வேணாம்பா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் செல்லப்பன் மளிகைக் கடை நம்பருக்குப் பண்ணு, தாளுக்குப் பின்பக்கம் எழுதியிருக்கேன். நான் அங்க வந்து நிக்கிறேன். வெயில்ல தலைக்குத் துண்டு கட்டாம வேலைக்குப் போவாத. நீ நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும்.

அப்பா உன்ன விசாரிச்சாருன்னு கடைசியில எழுதுவேன் இல்ல, இந்தத் தடவ அவரு விசாரிக்கல.

இப்படிக்கு,
உன் அம்மா
தே. கமலாம்பாள்