பெங்களூரிலிருந்து வந்த ஆள்

ஜீவனஹள்ளி,
பெங்களூர்.
9-3-1963

சிரஞ்சீவி முனிராஜுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். இந்த வரி இல்லாமல் எனக்குக் கடிதம் தொடங்க வராது, அதனால் அதை முதலில் எழுதித் தீர்த்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பி.எஸ்ஸி. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளணும்.

ஜனவரியில் நாக்பூர் வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை. மணியார்டர் மட்டும் தவறாமல் வருகிறது. அதன் அடியில் நாலு வார்த்தை எழுத இடம் விட்டிருப்பார்களே, அது காலியாகவே வருகிறது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். படிக்கத் தெரியாவிட்டாலும், எழுதியிருக்கிறதா இல்லையா என்று தெரியாதா அவளுக்கு? பாக்டரியில் வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் நாணுவைப் பார்த்தேன். காலேஜில் உன்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்தானே, அவன்தான். சர்க்கார் ஆபீசில் வேலையாம். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஆளே மாறிவிட்டான். என்னைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, என்ன அப்பா, நம்ம ஆள் கடுதாசியே போடமாட்டேங்கிறான், நாக்பூர் போய் துரை ஆயிட்டானா என்று கேலி பண்ணினான். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

நீ பாஸான அன்றைக்கு அவனையும் இன்னும் சில பசங்களையும் கூட்டிக்கொண்டு, நான் பேரராகப் பரிமாறுகிற கிளப்புக்கு வந்தாய், ஞாபகம் இருக்கா? பின்வாசல் பக்கம் வரணும் என்றுகூடத் தோன்றாமல், மெம்பர்களின் கார் நிற்கிற முன்வாசலிலேயே நின்று, டேய், இவர்தாண்டா எங்க அப்பா என்று கத்தினாய். நான் தட்டும் கையுமாக நின்றேன். அப்புறம் பேரர்களின் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு வெளுத்து வாங்கினார். அவ்வளவு குஷியாக நான் எந்தக் காலத்திலும் திட்டு வாங்கியதில்லை. காலேஜ் பையனுக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரிவதில்லை. உத்தியோகம் வந்தால் அதுவும் சம்பளத்தோடு சேர்ந்து வருகிறது போலிருக்கிறது. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. புது ஊர், புது மனுஷர்கள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்குப் புரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். எழுதும்படி ஆகிவிட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தப்பு கோட்டிலிருந்து ஆரம்பித்தது. அங்கே குளிர் என்று கேட்டு, என்னிடம் இருப்பதிலேயே கௌரவமானது என்று கிளப்பில் கொடுத்த பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து வந்தேன். பித்தளைப் பொத்தான்களை எல்லாம் பிய்த்துவிட்டு, சாதாரணப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள் உன் அம்மா. இப்போ யார் பார்த்தாலும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் என்பார்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஹெட்மாஸ்டர் யோகம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. உன் மேனேஜரும் அவர் சம்சாரமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். நீ சட்டையை மாட்ட உள்ளே ஓடினாய். நான் என்ன செய்தேன்? பெரிய மனுஷர் உட்கார வந்தால் நாற்காலியைப் பின்னால் இழுத்து, உட்காரும்போது முன்னால் தள்ளுவது என் கைக்குத் தெரியும். அது என்னைக் கேட்காமலேயே செய்துவிட்டது.

அதற்குப் பிறகாவது நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நீ டீ கொண்டு வந்தபோது தட்டில் கப் எல்லாம் கடகடவென்று ஆடியது. அதை உன் மேலதிகாரி பார்க்கக்கூடாது என்று தட்டை வாங்கிக்கொண்டேன். வாங்கின பிறகு நான் அப்பா இல்லை, பேரர். இடது பக்கம் கொடுத்து, வலது பக்கம் எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

பேரருக்குக் காது கிடையாது, மேஜையில் பேசுவது எதுவும் அவன் காதில் விழக்கூடாது என்பது கிளப்பில் எங்களுக்கு முதல் பாடம். அன்று அந்தப் பாடத்தில் நான் பெயில். நல்ல ஆளைப் பிடித்திருக்கிறாயே, எங்கிருந்து கிடைத்தான் என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். பெங்களூரிலிருந்து சார் என்று நீ சொன்னாய்.

அதில் பொய் ஒன்றும் இல்லை ராஜா. நான் பெங்களூரிலிருந்துதானே வந்தேன்.

அவர்கள் கிளம்பும்போது மேனேஜரின் கோட்டை விரித்துப் பிடித்தேன். கையை நுழைத்துக்கொண்டு, தேங்க்யூ என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தால், நீ கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். கழுவினதையே மறுபடி மறுபடி கழுவினாய், திரும்பவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. மறுநாள் ஸ்டேஷனில் ஒரு கூடை ஆரஞ்சை என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கூடவே வந்தாய். என்னவோ சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியும். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இத்தோடு இது போயிருக்கும். என் வாய்தான் கெடுத்தது. வீட்டில் காலை வைத்ததும் உன் அம்மா, மேனேஜர் வந்தாரா, உங்களிடம் பேசினாரா என்று துளைத்தாள். வந்தார் லட்சுமம்மா, என்னை எதிர் நாற்காலியில் உட்கார வைத்துக் கை கொடுத்தார், நம்ம பையன், இவர்தான் எங்க அப்பா என்று சொன்னான், அவன் கையாலேயே எனக்கு டீ ஊற்றினான் என்று சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போலத்தான் இருந்தது. ஆரஞ்சை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அவள் இந்தக் கதையையும் கொடுத்துவிட்டு வந்தாள். உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பெர்னதெத் டீச்சர் அதை இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். ஆரஞ்சுத் தோலைக்கூட உன் அம்மா எறியவில்லை, காயப் போட்டிருக்கிறாள்.

இப்போது அவளும் அந்த நாற்காலியில் உட்காரணுமாம். நம் தெரு கிருஷ்ணப்பா யுகாதி கழிந்து டெல்லி போகிறார். போகிற வழியில் நாக்பூரில் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் வெயிலைச் சொன்னேன், அவள் முழங்கால் வலியைச் சொன்னேன், உனக்கு வேலை என்றேன். நீங்க மட்டும் போய் மரியாதை வாங்கிக்கிட்டு வந்தா போதுமா என்கிறாள். டீச்சரிடம் குட் ஈவினிங் கற்றுக்கொண்டு வந்து அடுப்புக்குச் சொல்கிறாள், பூனைக்குச் சொல்கிறாள். டீயைச் சாசரில் ஊற்றாமல் கப்பிலேயே குடித்துப் பழகி, தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிறாள். நேற்று, நாற்காலியில் எப்படி உட்காருவது காட்டுங்க என்றாள். டீச்சர் வீட்டு நாற்காலியை வாங்கி வந்து இழுத்துப் பிடித்தேன். ஐயே, நீங்க ஏன் இழுக்கிறீங்க, என் பிள்ளை இழுப்பான் என்று சிரித்தாள்.

அதனால்தான் எழுதுகிறேன். என்னை விடு. நான் ஆயுசெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன், இன்னொரு நாள் நின்றதால் கால் ஒடிந்துவிடாது. உன் மேல் கோபமும் இல்லை. ஆனால் நான் இங்கிலீஷ் தெரிந்ததால் பிழைத்தேன். நீ சொன்னது எனக்குப் புரிந்தது, கொஞ்சம் வலித்தது, தீர்ந்தது. அவளுக்கு அது தெரியாது. நீ யாரிடமாவது அவளைக் காட்டி வேறு ஏதாவது சொன்னாலும், பெருமையாகச் சொல்கிறாய் என்று நினைத்து, தலையாட்டிச் சிரிப்பாள். குட் ஈவினிங்கும் சொல்வாள். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேனேஜரைக் கூப்பிடணும் என்பதில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் யாராவது இருந்தாலும் போதும். நாற்காலியை நீயே எடுத்துப் போடு. எங்க அம்மா என்று சொல். அவர்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, தமிழிலேயே சொல். அவள் காதில் விழணும்.

ஸ்டேஷனுக்கு நேரத்தோடு வந்துவிடு. அவள் பயப்படுவாள். குளிக்கிற தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலக்காதே, சளி பிடிக்கும். நீ நன்றாக இருக்கணும், இன்னும் பெரிய நாற்காலியில் உட்காரணும் என்று கும்பிடாத நாள் இல்லை.

இப்படிக்கு,
பெங்களூரிலிருந்து,
உன் அப்பா
கோவிந்தப்பா